ஏழு கோலுக்குப் பிறகு

அந்த விதியை நான் மீறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மைதானத்தில் என்னிடம் வந்து கேட்டவர்கள் எல்லோருக்கும் நான் சொன்ன பதில் இதுதான். நடுவரும் அதையே சொன்னார். இரண்டு கோடைகள் போய்விட்டன. பதில் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. சொல்லத்தான் வாய் வருவதில்லை.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பித்தவன். இங்கே பீல் நகரத்தில், கைக்கடிகாரக் கூடுகளில் கீறல் இருக்கிறதா என்று விளக்கின் கீழே பிடித்துப் பார்க்கும் மேசையில் ஓய்வுபெறும் வரை இருந்தேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் வகுப்பெடுப்பேன். வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி கொடுப்பேன். கல்லூரி அணியில் ஆடியவன் என்ற தகுதி ஒன்றுதான். ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். அவர்களில் பாதிப்பேர் உள்ளூர்க் கழகங்களிலும் ஆடுகிறவர்கள்.

பயிற்சியில் நான் கொண்டுவந்த ஒரு பழக்கம் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எண் என்றால் ஜெர்மனில் வரும், அல்லது பிரெஞ்சில் வரும். தமிழில் இருபதைத் தாண்டியதும் தடுமாறுவார்கள். "இருபத்தி ஒன்பதுக்குப் பிறகு என்ன சேர்?" என்று பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கும். அதனால் வட்டமாக நிற்கவைத்தேன். நடுவில் ஒருத்தி. சுற்றி நிற்பவர்கள் அவளிடம் பந்து போகாமல் தங்களுக்குள் தட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லோரும் சேர்ந்து தமிழில் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணைப் பிழையாகச் சொல்பவள் அடுத்ததாக நடுவுக்குப் போக வேண்டும். ஆறு மாதத்தில் நூறு வரைக்கும் தடக்காமல் எண்ணினார்கள். ஒரு தாய் அதை ஒளிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட, ஊரெல்லாம் சுற்றியது. பெற்றோர் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. சின்னப் பெருமை இல்லை.

ஆனி மாதத்தில் நாட்டிலுள்ள தமிழ்ப் பள்ளிகளுக்கு இடையே ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள், அணிக்கு எட்டுப்பேர். விதி அந்தப் போட்டிக்காக வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஓர் ஆட்டத்தில் ஒரு பக்கம் இருபதுக்குக் கிட்ட கோல் விழுந்து, பந்து காத்த பிள்ளை கடைசியில் வலைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யாரோ "காப்பாளர் சுற்றுலா போயிட்டா" என்று பகிடிவிட, சிரித்தோம்.

குழுக் கூட்டம் பாடன் நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இங்கே பிறந்து வளர்ந்து ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கும் இளம்பெண் ஒருவர் எழுந்து, இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களில் பின்தங்கிய பக்கம் ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ள விடுகிறார்கள், நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். அவர் எழுதிக் கொண்டுவந்த விதி இதுதான்: ஏழு கோல் வித்தியாசம் வந்துவிட்டால் முன்னிற்கும் அணி மேற்கொண்டு கோல் அடிக்கக்கூடாது, பின்னிற்கும் அணி மேலதிகமாக ஒருவரை இறக்கலாம். ஆட்டத்தை அத்தோடு முடிக்கக்கூடாதா என்று யாரோ கேட்டார்கள். இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிவரும் பெற்றோர் பிள்ளை முழுநேரமும் ஆடுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், முடிக்க வேண்டாம் என்று முடிவானது.

நான் எழுந்தேன். எனக்குப் பேச வரும். "எங்கட பிள்ளையள் என்ன கண்ணாடிச் சாமானோ?" என்று தொடங்கினேன். "நாங்கள் எல்லாத்தையும் விட்டுப்போட்டு வந்த சனம். தோக்கிறது எப்பிடி எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா இரக்கப்பட்டு விடுறது இருக்கே, அது தோல்வியைவிட மோசம்." பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனாலும் வாக்கெடுப்பில் விதி நிறைவேறியது. வெளியே காலணி மாட்டும் இடத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்தார்.

"அங்கிள், நீங்க நல்லாக் கதைக்கிறீங்கள். ஆனா தோத்த பிள்ளையளைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை."

"நான் எல்லாப் பிள்ளையளையும் பற்றித்தான் கதைச்சனான்" என்றேன். பீல் வரும் வரை ரயிலில் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

இனி என் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அகதிகள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அண்ணை, அண்ணை என்று பின்னால் திரிவார். அவருக்கு வந்த கடிதங்களை நான் மொழிபெயர்த்துச் சொல்வேன், அவர் எனக்குச் சமைப்பார். பிறகு அவருக்கு மலைமேலே லா ஷோ-து-ஃபோன் என்ற பிரெஞ்சு பேசும் ஊரில் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் சொற்பம். நகரசபையிடம் ஓர் அறையை வாங்கி, புதன் பின்னேரங்களில் தமிழ் வகுப்பு நடத்தினார். பெரிய படிப்பு இல்லாதவர். ஆனால் அவருடைய பிள்ளைகளின் உச்சரிப்பு என் பிள்ளைகளுடையதைவிடச் சுத்தம். அந்த வகுப்பில் பெரிய பெட்டைகள்தான் சின்னப் பிள்ளைகளை அரைவட்டத்தில் இருத்தி எழுத்துப் படிப்பித்தார்கள். அவர்கள் இருந்தால்தான் வகுப்பு.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்க, அவர் தொலைபேசியில் அழைத்தார். முதல் முறையாக அவர்களும் ஓர் அணி கொண்டுவருகிறார்கள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் பிரிவிலேயே விழுந்திருந்தார்கள்.

"என்ன தம்பி, பயிற்சி எப்பிடிப் போகுது?"

"என்னத்தைச் சொல்ல அண்ணை. ஆறு மாசம் பனி. மிச்ச ஆறு மாசம் பனி உருகுறதைப் பாக்கிறது. ஒன்பது பெட்டையள், ஒருத்தியும் முந்தி விளையாடினது இல்லை. ஒருத்தி பந்தைக் கண்டால் கண்ணை மூடுறாள்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, அதுகள் வகுப்பை விட்டுப் போகப் போகுதுகள். பதினஞ்சு வயசு வந்திட்டுது, கட்டி இழுக்கேலுமோ? என்ர மகளே இந்த வருசத்தோட சரி எண்டு நிக்கிறாள். நான் ஒரு வாக்குக் குடுத்திட்டன். இந்த ஒரு நாள் வாங்கோ, மற்றத் தமிழ்ப் பிள்ளையளோட விளையாடிப் பாருங்கோ. பிடிக்கேல்லை எண்டால் இனி வகுப்புக்கு வா எண்டு ஒருத்தரையும் கேக்க மாட்டன் எண்டு."

"ஏன் அப்பிடி வாக்குக் குடுத்தனீர்?"

"வேற என்னத்தைக் குடுக்கிறது? அதுகள் போனால் சின்னதுகளும் போயிடும். பிறகு வகுப்பு எங்க?" குரலைத் தாழ்த்தினார். "உங்கட ஆக்கள் எங்களை வெல்லுவினம், அது தெரியும். கொஞ்சம் சந்தோசமா வெல்லச் சொல்லுங்கோ."

"பயப்பிடாதேயும். நான் நிக்கிறன் தானே" என்றேன்.

ஆட்டம் காலையில் இருந்தது. ஏரிப்பக்கமாக உள்ள மைதானம். வெயில். கோட்டுக்கு வெளியே பெற்றோர், மடக்குக் கதிரைகள், ரோல்ஸ் பொரிக்கிற மணம், ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர். ஆட்டம் தொடங்கமுன் எங்கள் பிள்ளைகளும் அவர்களும் பிரெஞ்சில் கதைத்து, தலைமயிர் கட்டும் பட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். பீலில் இரண்டு மொழியும் ஓடும் என்பதால் எங்கள் அணித்தலைவிக்கு அது இலகு. அவளும் நண்பரின் மகளும் கைப்பேசியில் ஒன்றாகப் படம்கூட எடுத்தார்கள். நண்பர் தூரத்தில் நின்று அதைப் பார்த்து எனக்குக் கையைக் காட்டினார். அவருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது.

முதல் பாதியிலேயே ஏழு கோல் விழுந்தது. அதில் குற்றம் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஆடத் தெரிந்தவர்கள், நண்பரின் அணியினரோ பாடசாலை முற்றத்தில் ஓடிப்பிடித்து ஆடுவதுபோல ஆடினார்கள். பந்தைக் கண்டு கண்ணை மூடும் பிள்ளையை நானும் பார்த்தேன். மூடிக்கொண்டே ஒரு பந்தைத் தடுத்தும்விட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் தோற்றுக்கொண்டே சிரித்தார்கள். அதுவரைக்கும் அந்த நாள் நண்பர் கேட்டபடிதான் போய்க்கொண்டிருந்தது.

இடைவேளையில் நடுவர் வந்து சொன்னார்: இனி உங்கள் பக்கம் கோல் அடிக்கக்கூடாது, அவர்கள் ஒன்பதுபேர் இறங்கலாம். விதி முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது எங்களிடம்தான். ஏற்பாட்டுக் குழுவின் மேசையில் அந்த உடற்பயிற்சி ஆசிரியை இருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

கணிதத்தில் ஒரு நிறுவல் முறை உண்டு. ஒரு கூற்று பிழை என்று காட்ட வேண்டுமானால், முதலில் அதைச் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்படியே ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். போய்ச்சேரும் இடம் அபத்தமாக இருந்தால் கூற்று பிழை. இருபது வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த நிமிடத்தில் எனக்குள் வந்தது அதுதான். சரி, கோல் அடிக்கவில்லை. ஒரு கோலும் அடிக்கவில்லை. என்ன நடக்கிறது பார்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இனிக் கோல் இல்லை. வட்டம் போடுவம்" என்றேன்.

அணித்தலைவி கேட்டாள். "ரெண்டாம் பாதி முழுக்கவோ சேர்?"

"விதி அதுதானே சொல்லுது. அவைக்குப் பந்து போகக்கூடாது. அவ்வளவுதான்."

நான் அவர்களை எண்ணச் சொல்லவில்லை. இதையும் முன்பு ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லத் தேவை இருக்கவில்லை. வட்டம் என்றால் எண்ணுவது என்று அவர்களைப் பழக்கியவன் நான்தானே. பந்து நாலுபேரைச் சுற்றிய உடனேயே வாய் தானாகத் தொடங்கிவிட்டது. ஒண்டு, ரெண்டு, மூண்டு. முதலில் எட்டுப்பேரின் குரல். பிறகு கோட்டுக்கு வெளியே நின்ற அவர்களுடைய தாய்மார். பிறகு ஒலிபெருக்கி: "அன்பான பெற்றோர்களே, கேளுங்கள், எங்கள் பிள்ளைகள் தமிழில் எண்ணுகிறார்கள்!" அதன் பிறகு மைதானம் முழுவதும். ரோல்ஸ் கடையில் நின்ற பெண்கள் அகப்பையோடு வந்து நின்று எண்ணினார்கள்.

"பிள்ளை, முப்பத்தி ஒன்பதுக்குப் பிறகு என்ன எண்டு தெரியுமோ?" என்று யாரோ ஒருவர் கத்தினார்.

"எங்களுக்குத் தெரியும், உங்களுக்கு மறந்துபோச்சோ மாமா?" என்று எங்கள் பிள்ளை ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். சிரிப்பு.

அங்கே நின்ற எவரும் கெட்ட மனத்தோடு எண்ணவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது பெருமை. பிறந்த மண்ணைக் கண்ணால் காணாத பிள்ளைகளின் வாயில் தமிழ் எண் வரிசையாக வருகிற பெருமை. சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் எண்ணுகிறவர்களின் வாயைப் பார்த்தார்கள். நடுவில் ஓடுகிறவர்களை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒன்பதுபேரும் முதலில் சிரித்துக்கொண்டுதான் துரத்தினார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்து, எழும்பி, புல்லைத் தட்டிவிட்டு ஓடினாள். நண்பரின் மகள் ஒருமுறை காலை நீட்டிப் பந்தைத் தொட்டுவிட்டாள். பந்து கோட்டுக்கு வெளியே போனது. "திருப்பி ஒண்டில இருந்து!" என்று சனம் உற்சாகமாகக் கத்தியது. எறிந்த பந்து மறுபடி எங்கள் பிள்ளைகளிடம் வந்தது. மறுபடி ஒண்டு, ரெண்டு. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்து சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. நான் மேசையில் இருந்த அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிறுவல் அவருக்கு விளங்குகிறதா என்று.

அணித்தலைவி நான் நின்ற பக்கமாக வந்தாள். பந்தைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"சேர், காணும் தானே?"

"நிப்பாட்டாதேங்கோ."

"சேர், அவை பாவம்."

"விதிப்படிதானே விளையாடுறம். போ."

போனாள். பிள்ளை என் சொல்லைத் தட்டாதவள்.

நண்பரின் மகள் நின்றுவிட்டாள். நடு மைதானத்தில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. அவள் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். இப்போது துரத்த ஒருவரும் இல்லை. எங்கள் பிள்ளைகள் நிற்கிறவர்களைச் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை நிற்கவில்லை.

பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள். எங்களோடு சேர்ந்து, எங்களைவிடச் சத்தமாக. "அறுபத்தி ஏழு. அறுபத்தி எட்டு. அறுபத்தி ஒன்பது." ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. ழகரம் என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அப்படி வராது. சனம் கைதட்டியது. "அதுதான் வீராங்கனை!" என்றது ஒலிபெருக்கி. ஒரு கணம் எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிள்ளை இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அவள் யாரைப் பார்த்து எண்ணுகிறாள் என்று அப்போதுதான் கண்டேன். எதிர்ப்பக்கக் கோட்டில் அவளுடைய தகப்பன் தண்ணீர்ப் போத்தல் பையோடு நின்றார். அவள் அவரை நேராகப் பார்த்து, பாடம் ஒப்புவிப்பதுபோல, ஒவ்வொரு எண்ணாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. குரல் உடையவில்லை. அவர் அசையாமல் நின்று கேட்டார். வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் அவரால் முடியவில்லை.

எனக்குக் காது அடைத்துவிட்டது. உண்மையாகவே. சனத்தின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானே நிறுத்தாதே என்று சொல்லியிருந்தேன்.

நிறுத்தியது எங்கள் அணித்தலைவி. தன்னிடம் வந்த பந்தைக் குனிந்து கையால் எடுத்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார், கையால் தொட்டதற்கு எதிரணிக்கு உதை. உதைக்க ஒருவரும் வரவில்லை. அவள் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நண்பரின் மகளிடம் போய் ஏதோ சொன்னாள். அந்தப் பிள்ளை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு கோட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். மற்ற எட்டுப்பேரும் பின்னால் போனார்கள். பந்தைக் கண்டு கண்ணை மூடும் பிள்ளை கடைசியாகப் போனாள்.

நடுவர் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு ஆட்டத்தை முடித்தார். ஏழுக்குப் பூச்சியம். ஒலிபெருக்கி இரண்டு அணிகளுக்கும் தமிழுணர்வுக்காக நன்றி சொன்னது.

நான் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து நண்பரிடம் போனேன். அவர் போத்தல்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, விதிப்படிதான்..." என்று தொடங்கினேன்.

"ஓம் அண்ணை. விதிப்படிதான்."

"நான் அப்பிடி வரும் எண்டு..."

"அண்ணை." நிமிர்ந்தார். கோபம் இல்லை அவரிடம். அதுதான் என்னை இன்னும் திடுக்கிட வைக்கிறது. "நீங்கள் பதினாலு கோல் அடிச்சிருந்தால் சரியாப் போயிருக்கும். சிரிச்சுப்போட்டு ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ் வாங்கித் திண்டுட்டுப் போயிருப்பம்."

அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. ஆடவில்லை. மதியத்துக்கு முன்பே அவர்களுடைய வான் புறப்பட்டுவிட்டது. எங்கள் பிள்ளைகள் அடுத்த ஆட்டத்தில் தோற்றார்கள். நான் கோட்டருகே நின்றேன், ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த சனிக்கிழமை பயிற்சியில் வட்டம் என்றேன். நின்றார்கள். நடுவுக்குப் போக ஒருவரும் இல்லை. நானே ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவள் போனாள். பந்து சுற்றியது. ஒரு வாயும் திறக்கவில்லை. புல்லில் கால் உரசுகிற சத்தம் மட்டும்தான். நான் விசிலை ஊதி அன்றைய பயிற்சியை முடித்தேன், அந்தப் பருவம் முடிய அணியையும் வேறொருவரிடம் விட்டேன்.

குழு மறுபடி கூடியது. விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், பந்தை வேண்டுமென்றே வைத்திருப்பதையும் தடுக்க வேண்டும், நீங்கள் எழுத்தில் கெட்டிக்காரர், எழுதித் தாருங்கள் என்று என்னிடமே கேட்டார்கள். அவர்கள் கேலியாகக் கேட்கவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இத்தனை நிமிடத்துக்குமேல் என்று எழுதினால் அதற்கு ஒரு நிமிடம் குறைய நிறுத்தலாம். இத்தனை தட்டுக்குமேல் என்றால் நடுவே ஒருமுறை விட்டுக்கொடுத்து மறுபடி எடுக்கலாம். ஒவ்வொரு வரியிலும் எனக்கு ஓட்டை தெரிந்தது. எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

நண்பர் தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறைக்குப் பிறகு பெரிய பெட்டைகள் ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை, அவரும் கேட்கவில்லை என்று வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். சின்னப் பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிட்டார்களாம். முதல் பனி விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறி மேலே போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்று ரயிலில் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

அவருடைய மனைவி தேநீர் தந்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனார். முதியோர் இல்லத்தில் ஞாயிறும் முறை உண்டு. மகள் வந்து எதிரே அமர்ந்தாள். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

நான் சொன்னேன். விதியின்மேல் இருந்த கோபத்தில் உங்களை வைத்து விளையாடினேன், எங்கள் அணித்தலைவி நிறுத்தச் சொன்னாள், நான்தான் விடவில்லை, அது தற்செயல் இல்லை என்று. மறைக்காமல் சொன்னேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு உங்களில கோவம் இல்லை பெரியப்பா" என்றாள். "இப்ப இங்க ஒரு கிளப்பில விளையாடுறன். போன கிழமை பதினொரு கோலால தோத்தனாங்கள். ஒரு பிரச்சினையும் இல்லை."

அந்தப் பதிலில் எனக்கு ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. உடனே தகப்பன் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, பிள்ளை இப்ப கோவமில்லை எண்டுது. வகுப்புக்கு ஒருக்கா வரச் சொல்லிக் கேளுமன்."

"நான் கேக்கேலாது அண்ணை. வாக்குக் குடுத்தனான்."

"வாக்குக் குடுத்தது நீர்தானே" என்றேன். "நான் குடுக்கேல்லையே. நான் கேக்கலாம். மற்றப் பிள்ளையளின்ர வீடுகளுக்கும் நானே போறன். உம்முடைய வாக்குக்கு ஒரு பங்கமும் இல்லை."

சொல்லும்போது எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது. மகளும் விரிப்பை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். ஒருவருடைய முகத்தில் திகைப்பு வருவதை அவ்வளவு கிட்ட நான் பார்த்ததில்லை.

"அண்ணை," என்றார் அவர் மெதுவாக, "திருப்பியும் அதைத்தான் செய்யிறியள்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்டு வாய் மூடவில்லை, அதற்குள் இன்னொரு சொல்லுக்குள் ஓட்டை தேடிப் பிடித்திருந்தேன். இம்முறை கோபத்தில்கூட இல்லை. அன்பில். அந்த மைதானத்தில் நடந்ததை ஒரு நாள் வீம்பு என்று நான் எண்ணியிருந்தேன். நான் எப்போதுமே அப்படித்தான் யோசித்திருக்கிறேனோ என்று அந்த மேசையில் இருந்தபடி முதல் தடவையாகப் பயந்தேன்.

"நான் அதுகளுக்குச் சொன்னதின்ர கருத்து, ஒருத்தரும் உங்களைக் கேக்க மாட்டினம் எண்டுதான்" என்றார். "அதுகள் விளங்கிக்கொண்டதும் அப்பிடித்தான். அதுகள் என்னை நம்பிச்சுதுகள். வகுப்பு போனாப் போகட்டும். அது போகக்கூடாது."

மகள் எழும்பி என் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று அங்கிருந்து கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவர் என்னை ரயில் நிலையம் வரைக்கும் கூட்டிவந்தார். பனியில் நான் வழுக்காமல் இருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வேலையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார். வழியில் ஒரு கட்டிடத்தைக் கடந்தபோது, வகுப்பு நடப்பது இங்கேதான் என்று காட்டினார். உள்ளே போய்ப் பார்க்க நான் கேட்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு புதன்கிழமை தொலைபேசியில் அழைத்தார். கடைசியாக மூன்று பிள்ளைகள்தான் வந்துகொண்டிருந்தார்களாம், அதில் இரண்டுபேர் ஒரே வீடு. அறையின் திறப்புச் சாவியை நகரசபையில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பொறுப்பில் இருந்த பெண்மணி, இத்தனை காலம் அறையைச் சுத்தமாக வைத்திருந்ததற்கு நன்றி சொன்னாராம். இனி அங்கே முதியவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கப்போகிறதாம்.

"நல்லது" என்று என் வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஓம் அண்ணை" என்றார் அவர். பின்னால் அவருடைய மகள் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவர் கைப்பேசியை வாயில் இருந்து விலக்கி, அவளுக்குப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்.